இரண்டாவது முறை

ஒப்புக்கொள்ளுதல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகங்கள் உண்டு. ஒரு பொறுப்பை ஏற்பதற்கும் அந்தச் சொல்தான், செய்த குற்றத்தை மறுக்காதிருப்பதற்கும் அதே சொல்தான். நடுவர் நீதிமன்றங்களில் காலை வேளையில் சிறு வழக்குகள் வரிசையாக அழைக்கப்படும்போது இந்தச் சொல் உச்சரிக்கப்படும் வேகத்தைக் கேட்டவர்களுக்கு, இவ்விரண்டு பொருள்களில் எதுவுமே அங்கே இல்லையோ என்ற ஐயம் எழக்கூடும். பெயர் அழைக்கப்படுகிறது. ஒருவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே ஓடிவருகிறார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கப்படுகிறது. ஒப்புக்கொள்கிறேன் ஐயா. அபராதம் சொல்லப்படுகிறது. அவர் பணம் கட்டும் இடத்தைத் தேடிப் போகிறார். அடுத்த பெயர்.

எங்கள் வாசகர் வட்டத்தில் இரண்டு வழக்கறிஞர்கள் இருப்பதாலும், நாவல்களில் வரும் விசாரணைக் காட்சிகளைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்கள் ஒருமுறையாவது உண்மையான நீதிமன்றத்தைப் பார்க்கவேண்டும் என்று அவர்கள் எங்களைக் கேலி செய்ததாலும், சில காலை வேளைகளை அப்படி ஒரு கூடத்தின் கடைசி பெஞ்சில் கழித்திருக்கிறோம். சொந்த அலுவலாகவே அங்கு போகவேண்டி வரும் என்று அப்போது நினைத்திருக்கவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கோவளத்துக்குத் தெற்கே, முதலைப் பண்ணை, பட்டிபுலம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று போகும் அந்த நீளம் வெள்ளி இரவுக்கும் ஞாயிறு இரவுக்கும் இடையில் வேறொரு ஊராகிவிடுகிறது. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு அது விடுமுறை, வேகம், கடற்காற்று, விடுதிகளின் மதுக்கூடம். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது சாலையைக் கடந்து தண்ணீர் பிடிக்கப் போகும் இடம். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நம் மாநிலத்திலிருந்து போனதுதான், தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு. அதன் விளைவாக 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. பிறகு சிற்றூர்களுக்கு 220 மீட்டர் போதும் என்று தளர்த்தப்பட்டது. நகராட்சிப் பகுதிகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்ற விளக்கமும் வந்தது. கடைகள் உள்தெருக்களுக்கு நகர்ந்தன. வாகனங்கள் நகரவில்லை.

2024 நவம்பர் 27 அன்று திருப்போரூரை அடுத்த பண்டிதமேட்டில், மாடு மேய்த்துக்கொண்டே சாலையோரம் அமர்ந்திருந்த ஐந்து பெண்கள் மீது ஒரு கார் ஏறியது. ஐவரும் இறந்தார்கள். அந்த வழக்கில் எது நிரூபணமாகும் என்பது நீதிமன்றத்தின் வேலை, அதில் புகுந்து பேச நமக்கு உரிமையில்லை. இந்தச் சாலைகளின் ஓரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வதற்காகவே இங்கே குறிப்பிடுகிறோம்.

எங்கள் நண்பர் ஒருவர் டைல்ஸ் விற்பனைப் பிரதிநிதி. மறைமலைநகரிலிருந்து கூவத்தூர் வரை அவருக்குத் தெரியாத ஹார்டுவேர் கடை கிடையாது. மோட்டார் சைக்கிளின் பின்புறம் மாதிரிக் கற்கள் அடுக்கிய பெட்டியும், பெட்டிக்குள் ஏதாவது ஒரு சிறுகதைத் தொகுப்புமாக அலைபவர். வட்டத்தில் எங்களுள் அதிகம் படித்தவரும் அவரே. இரண்டாண்டுகளுக்கு முன் சென்னையில் ஓர் இரவு அவரை நிறுத்தி ஊதச் சொன்னார்கள். வழக்கு, ஒப்புதல், 10,000 ரூபாய் அபராதம். உரிமம் அவரிடமே திரும்பி வந்துவிட்டது. இந்த ஆண்டு பூஞ்சேரிக்கு அருகே மறுபடியும் நிறுத்தப்பட்டார். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுவே சட்டம் பொறுத்துக்கொள்ளும் எல்லை, கருவி காட்டியதோ 68. உரிமத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

அடுத்த சந்திப்பில் புத்தகத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

“அக்கா, அரசு வக்கீலப் பாத்து ஏதாவது பேசி முடிக்க முடியாதா? ஃபைன் எவ்வளவு வேணும்னாலும் கட்டிடறேன். லைசென்ஸ் மட்டும் போயிடக் கூடாது” என்றார் அவர், எங்கள் மூத்த வழக்கறிஞரிடம்.

“ஃபைன் எவ்வளவுன்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்கு தம்பி. நீ கூடக் கொடுத்தாலும் வாங்க மாட்டாங்க. பேரம் பேசறதா இருந்தாலும், ரெண்டாவது தடவ வர்றவனுக்கு அந்தக் கதவே கிடையாது.”

அக்கா சொன்ன அந்தக் கதவு எங்களில் பலருக்கும் புதிய செய்தி. அமெரிக்கத் திரைப்படங்களில் பார்த்துப் பழகிய ப்ளீ பார்கெயினிங், அதாவது ஒப்புதல் பேரம், நம் நாட்டுச் சட்டத்தில் 2006 ஜூலை 5 முதல் இருக்கிறது. அதற்கு முன் நம் உச்ச நீதிமன்றத்துக்கு அந்த எண்ணமே பிடிக்கவில்லை. 1976-இல் ஒரு கலப்பட எண்ணெய் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகச் சாடினார். 1980-இல் காசம்பாய் வழக்கில், பேரம் பேசிப் பெற்ற ஒப்புதலின் மேல் எழுப்பிய தண்டனையை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஏழை ஒருவன் வழக்கின் அலைச்சலுக்கு அஞ்சிச் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வான், பணமுள்ளவன் செய்த குற்றத்தை மலிவாக முடித்துக்கொள்வான் என்ற கவலைதான் அந்த எதிர்ப்பின் அடியில் இருந்தது. சட்ட ஆணையம் தன் 142-ஆம், 154-ஆம் அறிக்கைகளில் வேறு விதமாக யோசித்தது. தேங்கிய வழக்குகள் கடைசியில் வென்றன. ஆனால் பேரத்தைச் சட்டமாக்கியபோது ஒரு நிபந்தனையையும் சேர்த்தே எழுதினார்கள். விண்ணப்பிக்கிறவர் இதே குற்றத்துக்காக முன்பு தண்டிக்கப்பட்டவராக இருக்கக்கூடாது, அதை உறுதிமொழியாக எழுதித் தரவும் வேண்டும். 2024 ஜூலை 1-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இந்த நிபந்தனை மாறவில்லை. முதல் தடவை தவறியவருக்கு அது முன்னைவிடச் சலுகைகூடக் காட்டுகிறது.

கலிஃபோர்னியாவில் இருக்கும் எங்கள் பழைய உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் அங்குள்ள வழக்கத்தைச் சொன்னார். குடித்து ஓட்டிய குற்றச்சாட்டைப் பேசிக் குறைத்து, கவனமின்றி ஓட்டிய குற்றமாக ஒப்புக்கொள்ள வைப்பார்களாம். அதற்கு அங்கே ‘வெட் ரெக்லெஸ்’, ஈரமான கவனமின்மை என்று செல்லப்பெயர். பெயர் குறைந்தாலும் கணக்கு குறைவதில்லை. பத்தாண்டுக்குள் மறுபடி பிடிபட்டால் அது முதல் குற்றமாகவே எண்ணப்படும். சிங்கப்பூர் இன்னும் கறார். அங்கே 2019 திருத்தத்தின்படி, முதல்முறைக்கே குறைந்தது இரண்டாண்டு உரிமம் இல்லை, இரண்டாம் முறைக்குக் குறைந்தது ஐந்தாண்டு, கூடவே கட்டாயச் சிறை.

நம்முடைய சட்டம் எழுத்தில் அவ்வளவு மென்மையானதும் அல்ல. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. மூன்றாண்டுக்குள் மறுபடி செய்தால் இரண்டாண்டு வரை சிறை, 3,000 ரூபாய் வரை அபராதம். 2019 திருத்தம் அபராதங்களை 10,000, 15,000 என்று உயர்த்தியதோடு, மூன்றாண்டுக்குள் என்ற சொற்களையும் நீக்கிவிட்டது. அதாவது இப்போது இரண்டாவது முறை என்பது எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் இரண்டாவது முறைதான்.

எங்கள் நண்பர் அஞ்சியதோ அபராதத்துக்கோ சிறைக்கோ அல்ல, பர்ஸில் கிடக்கும் அந்தச் சிறிய அட்டைக்கு. விந்தை என்னவென்றால் பேரத்துக்கு மிகக் குறைந்த இடம் இருப்பதும் அங்கேதான். சிறையா அபராதமா என்பதை நடுவர் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் 185-இன் கீழ் தண்டித்துவிட்டால், குறைந்தது ஆறு மாதம் உரிமம் வைத்திருக்கத் தகுதியிழப்பு விதித்தே ஆகவேண்டும் என்கிறது 20-ஆம் பிரிவு. விதிக்கலாம் என்று அது சொல்லவில்லை. இது 2019-இல் வந்ததும் அல்ல, பழைய சட்டத்திலேயே உள்ளது. முதல் முறை அவருக்கு அது ஏன் விதிக்கப்படவில்லை என்று அக்காவிடம் கேட்டோம். காலையில் அத்தனை வழக்குகள் ஓடும்போது அபராதம் மட்டும் எழுதப்பட்டு இந்த வரி விட்டுப்போவது உண்டு என்றார். அதோடு, 208-ஆம் பிரிவில் ஒரு சந்தும் இருக்கிறது. அழைப்பாணையிலேயே நீதிமன்றம் வாய்ப்பளித்து, ஒருவர் நேரில் வராமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தொகையை அனுப்பிவிட்டால், ஒப்புக்கொண்ட ஒரே காரணத்துக்காக அவர் உரிமத் தகுதியை இழக்கமாட்டார். (சட்டம் அங்கே மணியார்டர் என்றே பேசுவது ஒரு பழைய சிறுகதையை நினைவூட்டுகிறது.) சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில் அந்த வாய்ப்பைத் தரவேண்டிய கட்டாயம் நீதிமன்றத்துக்கு இல்லை. நண்பருக்குத் தரப்படவும் இல்லை.

எனவே மிச்சமிருந்தது ஒரே கேள்வி. பூஞ்சேரி வழக்கின் தாள்களில் அது முதல் குற்றமாகவே எழுதப்பட்டிருந்தது. சென்னை வழக்கு அதில் இல்லை. முந்தைய தண்டனையைக் காட்டி அதிகத் தண்டனை கேட்பதானால் அரசுத் தரப்பு அதைக் குற்றச்சாட்டிலேயே சொல்லி நிரூபிக்கவேண்டும். தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த அரசியலமைப்பின் 20(3) இடம் தருவதில்லை. ஆக, வாயை மூடிக்கொண்டிருப்பது அவருடைய உரிமை. இந்த ஊரில் உண்மையில் நடக்கும் பேரம் இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. எந்த மேசையிலும் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஒரு நீதிமன்றத்துக்கு இன்னொரு நீதிமன்றத்தின் நினைவு இருப்பதில்லை, அந்த மறதியே சலுகையாகக் கைமாறுகிறது.

இதில் எங்கள் வட்டம் இரண்டாகப் பிரிந்தது. வங்கியில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஒருவர், அவர் தானாகவே சொல்லிவிடவேண்டும் என்றார். உடனே மனுநீதிச் சோழன் வந்துவிட்டான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாகவே நிற்கும் அந்த அரசனின் கதை, யோசித்துப் பார்த்தால், ஒரு சாலை விபத்து வழக்குதான். ஓட்டியவன் இளவரசன், குடித்திருக்கவும் இல்லை, கன்றுதான் துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. பெரியபுராணத்தில் அமைச்சர்கள் முன்வைக்கும் தீர்வு பிராயச்சித்தம், அதாவது ஒருவகை ஒப்புதல் பேரம். அரசன் அதை மறுத்துவிடுகிறான். ஓய்வுபெற்றவர் இதைச் சொல்லி முடித்ததும், “அந்தக் கதையில கடைசில மகனும் பொழச்சுடறான், கன்னும் பொழச்சுடுது சார். இங்க யாரும் திரும்பி வர மாட்டாங்க” என்றார் நண்பர். அது தன் தரப்புக்கு எதிரான வாதம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறோம். பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

அக்கா மட்டும் ஒரு மும்பை வழக்கைப் பற்றிச் சொன்னார். 2006 நவம்பர் 12 அதிகாலை, பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில் நடைபாதையில் உறங்கிய கூலித்தொழிலாளர்கள் மீது ஒரு கார் ஏறியதில் ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டிய அலிஸ்டர் பரேராவின் ரத்தத்தில் மது இருந்தது. விசாரணை நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். உயர் நீதிமன்றம் அதை மூன்றாண்டாக்கியது, 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஏழு உயிருக்கு முதலில் எழுதப்பட்ட அந்த ஆறு மாதமும், யாருக்கும் எதுவும் நேராத ஓர் இரவுக்கு 20-ஆம் பிரிவு எழுதும் உரிமமற்ற ஆறு மாதமும் ஒரே கால அளவு. இந்த ஒப்புமை சரியல்ல என்று எங்களுள் சிலர் வாதிட்டார்கள். சிறையும் உரிமமும் ஒன்றல்லதான். ஆனாலும் பின்னது நிகழ்ந்தால் முன்னது நிகழாமல் போகலாம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சங்க இலக்கியம் படிப்பவர்களுக்கு அகநானூற்றின் நான்காம் பாட்டு நினைவிருக்கும். வீடு திரும்பும் தலைவன், பூக்களில் இருக்கும் வண்டுகள் அஞ்சுமே என்று தேர் மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அவனுக்குப் போகும் அவசரம் எந்த விற்பனைப் பிரதிநிதிக்கும் குறைந்ததல்ல. கள்ளைப் பாட வெட்கப்படாத மரபு நம்முடையது. ஆனால் பாடிப் பரிசில் பெற்ற பாணர்கள் பெரும்பாலும் நடந்தே போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

விசாரணை நாளன்று நாங்கள் மூவர் உடன் போனோம். நண்பர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முந்தைய வழக்கு பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அபராதம் 10,000. எழுந்து நகரப் போனவரை நடுவர் நிறுத்தி, ஆறு மாதம் எந்த வாகனமும் ஓட்டத் தகுதியிழப்பு என்று சொல்லி, அந்தக் காலத்தில் ஓட்டினால் அது தனிக் குற்றம் என்றும் நிதானமாக விளக்கினார். அந்தக் காலையில் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட வழக்கு வேறில்லை. எதை மறைத்தால் எது தப்பும் என்று நண்பர் கணக்குப் போட்டிருந்தாரோ அதுவே முதலில் போனது.

சில வாரங்களில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. காவலர் கைப்பற்றும் உரிமம் அங்கே அனுப்பப்பட்டால், விளக்கம் கேட்டபின் முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் தகுதியிழப்பு, இரண்டாவதுக்கு உரிமத்தையே ரத்து என்று ஆணையிடும் அதிகாரத்தை 2019 திருத்தம் உரிமம் வழங்கும் அலுவலருக்குக் கொடுத்திருக்கிறது. விடுவிக்கவும் அவருக்கு அதிகாரமுண்டு. ரத்தானவர் பெயரைப் பொதுவில் வெளியிடவும் சட்டம் இடம் தருகிறது. நீதிமன்றத் தாள்களில் இல்லாத சென்னை வழக்கு இந்த அறிவிப்பில் எண்ணும் தேதியுமாக இருந்தது. உரிமங்களின் நாடளாவிய கணினிப் பதிவேட்டுக்கு ‘சாரதி’ என்று பெயர். தகுதியிழப்பும் ரத்தும் தேதிவாரியாக இணையதளத்தில் பதியப்படவேண்டும் என்று 2020-இலேயே விதி வந்துவிட்டது. தேரோட்டியின் பெயரைத் தாங்கிய அந்தப் பதிவேடு எதையும் மறப்பதில்லை போலும்.

இப்போது அவர் திருக்கழுக்குன்றம் வழிப் பேருந்தில் மாதிரிக் கற்களோடு போய்வருகிறார். பெட்டி கனமானது, அதனால் ஒரு நாளைக்கு நான்கு கடைகளுக்கு மேல் முடிவதில்லை. நிறுவனம் இரண்டு மாதம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறது. அவருடைய மனைவி ஸ்கூட்டர் பழகத் தொடங்கியிருக்கிறார். பேருந்தில் நிறையப் படிக்க முடிகிறது என்று அவர் சொன்னபோது எங்களால் சிரிக்க முடியவில்லை.

அறிவிப்புக்கு எழுதிய பதிலைச் சென்ற ஞாயிறு வட்டத்துக்குக் கொண்டுவந்தார். நான்கு பக்கம். குடும்ப நிலை, கடன், தொழிலின் தன்மை, கடற்கரையில் அன்று நடந்த நண்பரின் திருமண விருந்து எல்லாம் அதில் இருந்தன. நல்ல உரைநடைதான், அவருக்கு வேறு விதமாக எழுத வராது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். விருந்து போயிற்று. கடன் ஒரு வரியாயிற்று. பூஞ்சேரியில் தெரு விளக்கு எரியவில்லை என்ற பத்தி முழுவதும் போயிற்று. மூன்றாம் பக்கத்தின் நடுவில், இரண்டு முறையும் ஓட்டியவன் நான், இரண்டு முறையும் குடித்திருந்தேன் என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதை அவர் அடிக்கவில்லை. அம்பு போட்டு முதல் பக்கத்தின் தலைப்புக்குக் கொண்டுபோனார்.

“இதுக்கு மேல என்ன எழுதணும்கா?” என்று கேட்டார் நண்பர்.

“எத்தன நாள் பஸ்ல போயிட்டிருக்கன்னு எழுது. டிக்கெட்டெல்லாம் வச்சிருக்கியா?”

வைத்திருந்தார், சிறுகதைத் தொகுப்பின் பக்கங்களுக்கு இடையில். விசாரணை வரும் வியாழக்கிழமை.